பாத்திரம் தேய்க்க வைத்த வார்த்தை

எங்கள் வகுப்பில் தலைவர் பதவி ஏலத்தில் போனது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஏலம்தான்.

சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு வாரம் ஏதாவது ஒரு கிராமத்தில் தங்கி முகாம் நடத்த வேண்டும். அதற்கு மாணவர்களில் ஒருவர் தலைவர். சமையல் யார் பொறுப்பு, கூட்டத்தில் யார் பேசுவது, ஊர்க்காரர் யாராவது கோபித்துக்கொண்டால் யார் போய்ச் சமாதானம் சொல்வது, எல்லாம் அவர் முடிவு. வழக்கமாகத் துறையிலேயே ஒருவரைப் போட்டுவிடுவார்கள். எங்கள் பேராசிரியை அந்த வருஷம் வகுப்புக்குள் வந்து, "நான் யாரையும் போடப் போறதில்ல. நாளைக்கு வேலைக்குப் போனா நீங்கதான் ஒரு டீமையே நடத்தணும். இங்கயே பழகிக்குங்க, நீங்களே ஒருத்தர எடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

எல்லோரும் மேசையைப் பார்த்தோம். நானும்தான். எனக்கு ஆசை இருந்தது. எதையும் முதலில் ஓடிப்போய்ச் செய்கிற ஆள் நான். ஆங்கிலம் வரும், மைக் பிடித்தால் விடமாட்டேன். ஆகவே என்னைத்தான் யாராவது சொல்வார்கள் என்று அடக்கமான முகத்தோடு காத்திருந்தேன்.

அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்து வந்தாள். காரைக்காலின் கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வருகிறவள். அவள் அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து டவுனில் விற்கிறவர். விடியலில் அம்மாவோடு ஏலத்துக்குப் போய்க் கூடை தூக்கிவிட்டு, குளித்து, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருவாள். "எவளாவது மூக்கப் பொத்துனா பூவ எடுத்து மூக்குலயே சொருகலாம்ல" என்பாள்.

கரும்பலகைத் துடைப்பானால் மேசையில் ஓங்கித் தட்டினாள். "தலைவர் பதவி! புத்தம்புதுப் பதவி, ஐஸே படாத பதவி! யாருக்கு வேணும்? ஒரு தரம்!"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என்னிடம் வந்ததும் கொஞ்சம் நின்றாள். நான் மறுபடி மேசையைப் பார்த்தேன்.

"ரெண்டு தரம்... மூணு தரம். கேக்க ஆளில்ல, எனக்கே விழுந்துச்சு. மேடத்தக் கூப்புடுங்கடி."

சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பிடித்தேன். "என் மொகத்த மட்டும் ஏண்டி அவ்வளவு நேரம் பாத்த?"

"நீ எடுப்பேன்னு நெனச்சேன். எடுத்திருந்தா குடுத்திருப்பேன்டி."

"எல்லாரையும்தானே பாத்த?"

"ஏலம் விடுறவங்க அப்புடித்தான் பாப்பாங்க. சத்தம் போட்டுக் கேக்குறவங்க பாதிலயே கழண்டுக்குவாங்க. பின்னாடி வாயத் தொறக்காம நிக்கிறாங்க பாரு, எடுக்குறது அவங்களாத்தான் இருக்கும். எங்கம்மா பின்னாடி நிக்கிற ஆளு."

அன்றிலிருந்து அவளுக்கு வகுப்பில் பெயரே 'தலைவி' ஆகிவிட்டது. முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டோம்.

எங்களுக்கு அமைந்தது அம்பகரத்தூருக்குச் சற்று முன்னால், காரைக்கால் சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஊர். சமுதாயக் கூடத்தில் தங்கல்; பக்கத்திலேயே ஒரு கைபம்பு. புரட்டாசி முடிகிற சமயம். சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் விடிவதற்குள் நாற்றுப் பறிக்கப் போய்விடுவார்கள். பெண்கள் கஞ்சி குடித்துவிட்டு நடவுக்கு இறங்குவார்கள்.

போன அன்று சாயங்காலமே தலைவி எங்களை வட்டமாக உட்கார வைத்தாள். நான் நோட்டும் பேனாவுமாகத் தயாராக இருந்தேன். அட்டவணை, பொறுப்புப் பிரிப்பு, இலக்குகள் எல்லாம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது ஒன்றுதான்.

"இந்த வாரம் முழுக்க நம்மள்ல யாரும் ஊர்க்காரங்ககிட்ட 'நாங்க பாத்துக்குறோம்'னு சொல்லக் கூடாது. சொன்னா, அன்னிக்கு மொத்தப் பாத்திரமும் சொன்னவங்கதான் தேய்க்கணும்."

"'நான் பாத்துக்குறேன்'னு சொல்லலாமா தலைவி?" என்றான் ஒருவன்.

"அத வீட்டுல ஒங்கம்மாகிட்ட சொல்லிப் பாரு. நம்புறாங்களான்னு பாத்துட்டு வந்து சொல்லு."

எனக்கு அந்த விதி விளையாட்டாகத்தான் பட்டது. அதென்ன அவ்வளவு பெரிய குற்றமா, ஆறுதலுக்குச் சொல்கிற வார்த்தைதானே என்று கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"சுனாமி வந்தப்ப நான் கைக்கொழந்த. அதுலேருந்து நான் பள்ளிக்கூடம் போற வரைக்கும் எங்க தெருவுக்கு வராத ஆளில்ல. வந்தவங்க எல்லாரும் நல்லவங்கடி. 'நாங்க பாத்துக்குறோம்'னு சொன்னாங்க, சொன்ன மாதிரியே பாத்துக்கவும் செஞ்சாங்க. அவங்கள்லாம் போனதுக்கு அப்பறம் தெருவுல ஒரு பைப்பு ஒடஞ்சா எந்த ஆபீசுல போயி யார்கிட்ட சொல்றதுன்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியல. அதுக்கு முன்னாடி தெரிஞ்சிருந்துச்சாம். எங்கம்மா சொல்லும்."

மறுநாள் சாயங்காலம் ஊர்க் கூட்டம். ரோடு, கொசு, தெருவிளக்கு என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. கடைசியாகப் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினார்.

அவருடைய மகளுக்குக் காரைக்காலில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கணிதம். ஆடியிலிருந்து போய்க்கொண்டிருக்கிறாள். ஆனால் காலையில் வருகிற பஸ் இந்த ஊரில் நிற்பதே இல்லை. அதனால் அப்பாதான் தினமும் அவளை மொபெட்டில் திருநள்ளாறு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்.

அவர் முடிப்பதற்குள் தூணோரம் நின்ற கணவர் பேச்சை வாங்கிக்கொண்டார். "பொண்ணு படிக்கக் கூடாதுன்னு சொல்ற ஆளு இல்லம்மா நான். நாத்துப் பறிக்கிறவன் விடியும்போது வயல்ல நிக்கணும். இவள விட்டுட்டு வந்து பாத்தா என் எடத்துல இன்னொருத்தன் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான். எத்தன நாளைக்கு? வர்ற சனிக்கெழம வரைக்கும் பாக்குறேன். டவுன்ல ஜவுளிக்கடையில ஆள் எடுக்குறாங்க, தங்க எடமும் தர்றாங்களாம். அங்க விட்டுடலாம்னு இருக்கேன்."

அந்தப் பெண் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. கதவின் நாதாங்கியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

 எழுந்து நின்று, "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க அக்கா. நாங்க பாத்துக்குறோம்!" என்றேன்.

கூட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து தலைவி என்னைப் பார்த்தாள்.  விரலால் காற்றில் ஒரு சட்டியைத் தேய்த்துக் காட்டினாள்.

அன்று சாம்பார் அடிப்பிடித்திருந்தது வேறு.

தேய்த்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன் என்று அடுத்த நாள் காலையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சாலைக்குப் போனேன். பஸ் வந்தது. நடுரோட்டுக்கே போய்க் கையை நீட்டினேன். நின்றது. கண்டக்டரிடம், கல்லூரி முகாம், பெண் கல்வி என்று மூச்சுவிடாமல் பேசினேன். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றார். அந்தப் பெண் ஏறிப் போனாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு வந்துவிட்டது. வகுப்புக் குழுவில் படம்கூடப் போட்டேன்.

அந்த இரண்டு நாளும் திரும்பி வரும் வழியில் நடவு வயலைத் தாண்டித்தான் வருவோம். முதல் முடி நாற்றைப் பிரித்து ஊன்றும்போது பெண்கள் குலவை போடுவார்கள். முதலில் ஒரு குரல் தனியாக எழும். பிறகுதான் மற்றவை சேரும். கொக்குகள் அடுத்த வயலுக்குப் பறக்கும் அளவுக்கு அந்த முதல் குரலில் வீச்சு இருந்தது. யார் என்று எட்டிப் பார்த்தேன். கூட்டத்தில் தரையைப் பார்த்துப் பேசிய அதே அம்மா!

வியாழக்கிழமை கண் பரிசோதனை முகாமுக்கு வீடு வீடாகச் சொல்லப் போய்விட்டோம். சாலைக்கு யாரும் போகவில்லை. பஸ் நிற்கவும் இல்லை. அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பி வந்து பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் கொதித்தேன். "சரி சரின்னு சொன்னான்ல அந்தக் கண்டக்டரு! நேரா டிப்போவுக்கே போவோம் தலைவி. மனு எழுதுறேன், இப்பவே."

"எழுதலாம். ரெண்டு நாளா பஸ்சு நின்னுச்சே, யாருக்காக நின்னுச்சு?"

"அந்தப் பொண்ணுக்காக..."

"ஒன் கழுத்துல கெடக்குற அட்டைக்காக நின்னுச்சுடி."

அதற்கு மேல் என்னை அவள் திட்டவில்லை. மத்தியானம் அந்த அப்பா வயலிலிருந்து சாப்பிட வந்ததும் நேரே அவரிடம் போனாள்.

"அண்ணே, ஒரு வெளாட்டு வெளாடுவோமா?"

அவர் சேற்றுக் காலோடு விழித்தார்.

அம்மாவையும் பெண்ணையும், அதே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இன்னும் சில பெண்களையும் சாலைக்குக் கூட்டிப்போனாள். "நீங்க தெனமும் எங்க நிப்பீங்களோ அங்கயே போயி நில்லுங்க" என்றாள். அவர்கள் பேசிவைத்தது போல டீக்கடையின் பின்பக்கம் போய், தடுப்புக் கீற்றுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டார்கள். முன்னால் பெஞ்சு; பெஞ்சில் ஆண்கள்.

"அண்ணே, நீங்கதான் இப்ப டிரைவரு. வளைவுலேருந்து வண்டிய ஓட்டிக்கிட்டு வாங்க. ஆளு நின்னா நிப்பாட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே மொபெட்டில் ஏறி, வளைவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். நிற்காமல் எங்களையும் தாண்டிப் போய்விட்டார். தலைவி ஓடிப்போய் மறித்தாள்.

"ஏண்ணே நிப்பாட்டல?"

"யாரு நின்னா? டீ ஆத்துறவன் தெரிஞ்சான். பெஞ்சுல நாலு மொகம் தெரிஞ்சுது."

"ஒங்க பொண்ணு தெரிஞ்சுதா?"

அவர் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கீற்றுக்குப் பின்னாலிருந்து அவர் மகள் தலையை மட்டும் நீட்டினாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "அடப்பாவமே" என்றார், அவ்வளவுதான்.

தலைமைப் பண்பு என்று எங்களுக்குத் தனிப் பாடமே உண்டு. அதில் எனக்கு நல்ல மதிப்பெண். இப்போது நானும் வேலைக்குப் போய், களப்பயிற்சிக்கு வருகிற மாணவர்களுக்கு அதைப் பற்றி வகுப்பெடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த மொபெட் கதையைத்தான் சொல்கிறேன். குறை சொன்ன மனிதரையே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டாளே! அதை எந்தத் தாளிலும் நான் படித்ததில்லை. அவளும் படித்ததில்லை. சோற்றுப் பானை கொதிக்கும்போது தோன்றியதாம்.

அன்று சாயங்காலம் பெண்களை மட்டும் கூப்பிட்டுக் கூடத்தில் உட்கார வைத்தோம். ஏன் பின்னால் நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"முன்னாடி ஆம்பளைங்க ஒக்காந்திருப்பாங்களே."

"என் மாமனாரு இருப்பாரு, எப்புடிப் போயி நிக்கிறது?"

"நான் வாக்கப்பட்டு வந்த நாளா அங்கதான் நிக்கிறோம். ஏன்னு யாரு கேட்டா?"

அந்தக் கல்லூரிப் பெண் என் காதோரம், "பஸ்சுல கூட்டத்துல போறதுகூட பயமில்லக்கா. அந்தப் பெஞ்சு முன்னாடி நிக்கிறதுதான் ஒரு மாதிரி" என்றாள்.

தலைவி எழுந்தாள். கையில் சோற்றுக் கரண்டி. சட்டியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"முன்னாடி எடம் ஒண்ணு காலியா இருக்கு! ரோட்டோரம், நல்ல காத்தோட்டமான எடம், மழ பேஞ்சா நனையுற எடம்! யாருக்கு வேணும்? ஒரு தரம்!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஓர் அத்தை, எல்லாக் கூட்டத்திலும் அதிகம் பேசுகிறவர், "ஏ, எனக்கு மூட்டுவலி! சின்னஞ்சிறுசுங்க நில்லுங்கடி" என்றார்.

"அத்த கழண்டுக்கிட்டாங்க. ரெண்டு தரம்!" தலைவியின் கண் முன்வரிசையை விட்டுப் பின்னால் போனது. சுவரில் சாய்ந்து, காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. தலைவி மூன்றாம் தரம் சொல்லவில்லை. கரண்டியைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். என்னால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. அவளால் முடிந்தது.

"நிக்கிறேன்" என்றார் அந்த அம்மா.

"கையக் காட்டணும்டி, பஸ்சு சும்மா நிக்குமா?" என்றார் வெற்றிலை அத்தை.

"அதுதான் வராது. அந்தப் பெஞ்சு முன்னால கையத் தூக்குனா, அது என் கையி மாதிரியே இருக்காது."

நான் எழுந்து, "இப்படித்தாங்க்கா, ரொம்ப ஈஸி..." என்று கையைத் தூக்கப் போனேன். தலைவி என் தொடையில் கிள்ளினாள். இரண்டு நாள் வலித்தது.

"நின்னு பாருங்க அக்கா. எது வருதோ வரட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தூறல். நாங்கள் போக வேண்டாம் என்று தலைவி உத்தரவு போட்டிருந்தாள். நான் கெஞ்சியதில், அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தூரத்து மதகில் உட்கார்ந்து பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், காவலுக்கு.

பெண்கள் கீற்றுக்குப் பின்னாலிருந்து ஒருவர் பின் ஒருவராக முன்னால் வந்தார்கள். பெஞ்சிலிருந்து உடனே குரல் வந்தது.

"என்னா, இன்னிக்கு டீக்கட லேடீஸ் ஸ்பெசலா?"

"ஆமா மாமா. நீங்க கொஞ்சம் பின்சீட்டுக்குப் போங்க" என்றார் வெற்றிலை அத்தை. மூட்டுவலியோடு அவரும் வந்திருந்தார்.

சற்றுத் தள்ளி அந்த அப்பா மொபெட்டை ஓடவிட்டபடி நின்றார். பஸ் நிற்காவிட்டால் மகளை ஏற்றிக்கொண்டு போகத் தயாராக.

பஸ் வளைவில் திரும்பியது. அந்த அம்மாவின் கை இடுப்பு வரைக்கும் எழுந்தது. பிறகு முந்தானையைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிட்டது. பஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் மதகிலிருந்து குதித்தேன். தலைவி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடி! போயிடும்!"

"ஒக்காருடி!"

அப்போது அந்தக் குரல் எழுந்தது. வயலில் கேட்ட அதே தனிக் குரல். குலவை! அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, வாயில் கை வைத்து, சாலையோரத்தில் நின்று குலவை போட்டார். ஒரு கணம் தனியாக. பிறகு மற்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பெஞ்சில் ஒருவர் டீயை வேட்டியில் ஊற்றிக்கொண்டார்.

பஸ் கிரீச்சென்று கொஞ்சம் தாண்டிப் போய் நின்றது. ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினார். இரண்டு கையும் கும்பிட்டபடி இருந்தன.

"என்னம்மா, அம்மன் பொறப்பாடா? எந்தப் பக்கமா வருது?"

காளி கோயிலுக்குப் பேர்போன அம்பகரத்தூர்ப் பக்கம் வண்டி ஓட்டுகிறவருக்குக் குலவை கேட்டால் வேறு என்ன தோன்றும்? காளியம்மன் வருகிறாள் என்றால் எந்த வண்டிதான் தாண்டிப் போகும்!

அந்த அம்மா கண்ணைத் திறந்தார். நெற்றியெல்லாம் தூறல். மகளின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "அம்மன் இல்லங்க. காலேஜுக்குப் போவுது. ஏத்திக்கிட்டுப் போங்க."

பஸ்ஸுக்குள் இருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். கண்டக்டர் படியில் இறங்கி நின்றார். "இவ்வளவு நாளா எங்கம்மா நின்னீங்க?"

"இங்கதான். டீக்கடைக்குப் பின்னால."

"பின்னால நின்னா எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு? இப்புடி முன்னாடி நில்லுங்க, நிப்பாட்டுறோம்." ஏறி விசில் ஊதப் போனவர் திரும்பினார். "ஆனா நாளைக்கு மட்டும் கேக்காதீங்க. சனிக்கெழம. திருநள்ளாத்துக் கூட்டம் கும்பகோணத்துலேருந்தே தொங்கிக்கிட்டு வரும். கால் வெக்க எடமிருக்காது, நிப்பாட்ட மாட்டோம்."

பஸ் போனது. பெண்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கும் அவளுக்குக் காலேஜ் உண்டு. சனிக்கெழம வரைக்கும்னுதானே சொன்னேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். வீம்புக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. வாரத்தில் ஒரு நாள் நிற்காத பஸ்ஸை நம்பி, ஒரு நாள் இடம் போகிற வேலையை எப்படி வைத்துக்கொள்வது என்று அவர் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது.

சனிக்கிழமை எங்களுக்குக் கடைசி நாள். துறையின் வேன் காலையிலேயே வந்துவிட்டது. இரவல் வாங்கிய அண்டா, குண்டான், கரண்டி எல்லாம் தேய்த்து ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லோருமாகக் கைபம்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கை வேலையில் இல்லை. பஸ் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"தலைவி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நம்ம வேன் காரைக்காலுக்குத்தானே போவுது? அந்தப் பொண்ண நம்மளே கூட்டிட்டுப் போயிட்டா என்னா?"

அவள் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்தே குரல் வந்தது. "இன்னிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"இன்னிக்கு" என்பதில் ஓர் அழுத்தம். 

"அப்ப ரோட்டுக்காவது போயி நிக்கிறேனே? மதகுலதான். சத்தியமா எறங்க மாட்டேன்."

அவள் தலையை வெளியே எடுத்தாள். கன்னத்தில் கரி. அவளுக்கும் போக வேண்டும்போல இருந்தது, எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். பதில் சொல்வதற்குள் அந்த அம்மாவே மகளோடு அந்த வழியாக வந்தார். மகள் தலையில் கனகாம்பரம். அவர்களுக்குப் பின்னால் வெற்றிலை அத்தை, இன்னும் நாங்கள் அதுவரை பார்த்திராத சில பெண்கள். நடவுக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்கு வேலை இல்லாதவர்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே வந்தார்கள்.

"இவங்கள்லாம் எங்கக்கா போறாங்க?" என்றேன்.

"வாய் நெறைய வேணும்ல. இன்னிக்குப் பஸ்சுல சத்தம் ஜாஸ்தியா இருக்கும்" என்றார் அந்த அம்மா. இப்போது தரையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார். "கண்டக்டரு ஏசுனா ஏசட்டும். இவள ஏத்திவிட்டுட்டுத்தான் வயல்ல எறங்குறது. பொலுபொலுன்னு விடியுறதுக்குள்ளயே வீடு வீடாப் போயி நானே கூப்புட்டேன்."

"நாங்களும் வர்றோம்க்கா" என்று நான் எழுந்தேன்.

"நீங்க எதுக்கு? நீங்க கெளம்புற வேலயப் பாருங்க. நாங்க பாத்துக்குறோம்."

கைபம்படியில் எல்லோரும் தலைவியைப் பார்த்தோம். பிறகு தலைவி கரிக்கையை நீட்டி, "அக்கா! அந்த வார்த்தையச் சொன்னா மொத்தப் பாத்திரமும் தேய்க்கணும். அதான் இங்க சட்டம்" என்றாள்.

அந்த அம்மா குவிந்து கிடந்த பாத்திரங்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "அதுக்குத்தான் இத்தன பேரு ஒக்காந்திருக்கீங்களே. நாங்க பஸ்சப் பாத்துக்குறோம், நீங்க பாத்திரத்தப் பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். அவர்கள் தெருமுனை திரும்பும் வரைக்கும் வெற்றிலை அத்தையின் சிரிப்பு கேட்டது.

தலைவி என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். கையில் தேங்காய் நாரைத் திணித்தாள். தேய்த்தோம். கைபம்படியிலிருந்து சாலை தெரியாது. நடுவில் வீடுகள், வாழைகள். காதுகள்தான். தூரத்தில் கனமாக ஒரு வண்டி வளைவில் திரும்பும் சத்தம். அடித்துக்கொண்டிருந்தவன் கைபம்பை நிறுத்தினான். அந்த ஒற்றைக் குரல் எழுந்தது. அதன் மேல் மற்றக் குரல்கள், இந்த முறை எவ்வளவோ பெரிதாக. வண்டியின் சத்தம் குறையவில்லை. தலைவி என் மணிக்கட்டைச் சோப்புக் கையோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். அதை அவளே கவனிக்கவில்லை.

பிறகு பிரேக். யாரோ திட்டுகிற குரல். பல பேர் ஒரே நேரத்தில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்கிற கூச்சல். ஒரு சிரிப்பு. இரட்டை விசில். வண்டி மறுபடி முனகிக்கொண்டு கிளம்பியது.

ஏறினாளா, இல்லையா? 

கொஞ்ச நேரத்தில் சாலைப் பக்கமிருந்து மொபெட் சத்தம் கேட்டது. அந்த அப்பா எங்களைத் தாண்டி வயல் பாதையில் திரும்பினார். ஹேண்டில் பாரில் கஞ்சித் தூக்கு ஆடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் யாரும் இல்லை.

தலைவி என் கையை விட்டாள். மறுபடி அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். நெடுநேரம் வெளியே எடுக்கவே இல்லை.